கஞ்சியும் பங்கும்: காப்பாளர் நியமனம் யாரைக் காக்கிறது?

கன்னடியன் கால்வாயோ பாளையங்கால்வாயோ பாயும் ஊர்களில், காரும் பிசானமும் விளையும் நன்செய் வைத்திருக்கும் குடும்பங்களில், 'அது' என்று அஃறிணையில் சுட்டப்படும் ஒருவரைப் பார்க்கலாம். பெயர் இருக்கும், ரேஷன் கார்டில் இருக்கும். ஆனால் 'அதுக்குச் சோறு வச்சாச்சா?' என்றுதான் கேட்பார்கள். ஆடி அமாவாசைக்கு ஆற்றுக்குப் போகையில் வீட்டுக் காவலுக்கு விட்டுப்போவது அவரைத்தான். இப்படி நாற்பது வருஷம் அஃறிணையாக இருந்தவர், அப்பா இறந்த பதினாறாம் நாள் கழிந்து பாகப்பிரிவினைப் பேச்சு தொடங்கியதும், திடீரென்று உயர்திணையாகிவிடுகிறார். பத்திரம் எழுதுகிறவர் கேட்கிறார்: 'எல்லா வாரிசும் கையெழுத்துப் போடணும்லா அண்ணாச்சி, தங்கச்சி எங்க?'

ஒரு மாதிரிக் குடும்பத்தை வைத்துக்கொள்வோம். அறிவுவளர்ச்சி குறைந்த தங்கை, கல்யாணமாகாதவள். இரண்டு அண்ணன்கள், கட்டிக்கொடுத்த ஓர் அக்கா. இரண்டு ஏக்கர் வாழை, ஒரு வீடு. நாற்கரச் சாலைக்குப் பக்கம் என்பதால் மனைபோட ஆள் வந்து நிற்கிறது. வாங்குகிறவரின் வங்கி வக்கீல், தங்கையின் கைநாட்டு மட்டும் போதாது என்கிறார். அப்போதுதான் அந்த வீட்டில் முதன்முறையாக 'கார்டியன்' என்ற சொல் ஒலிக்கிறது. பள்ளிக்கு அனுப்ப, மருத்துவம் பார்க்க, மாத உதவித்தொகை வாங்க என்று எதற்கும் தேவைப்படாத காப்பாளர், நிலம் கைமாற வேண்டிய நாளில் தேவைப்படுகிறார். ஆகவே நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: காக்கப்படுவது ஆளா, விற்பனையா?

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. மனுவும் யாக்ஞவல்கியமும் பங்கிலிருந்து விலக்குவோரின் பட்டியலில் பிறவிக் குருடர், செவிடர், பித்தர், அறிவு மந்தமானவர் ஆகியோரை வைக்கின்றன; கூடவே, இவர்களுக்கு உணவும் உடையும் கொடுத்துக் காக்க வேண்டும் என்கின்றன. 'பங்கு கிடையாது, சோறு உண்டு' என்ற இந்த ஒப்பந்தத்தை ஆங்கிலேய நீதிமன்றங்கள் 'இந்துச் சட்டம்' என்ற பெயரில் உறையவைத்தன. பாளையங்கோட்டையில் 1890களிலேயே பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளிகள் உருவாகிவிட்டன. ஆனால் அதே காலத்தில், பிறவியிலேயே பார்வையற்ற ஒரு பையன் அங்கே விரலால் படிக்கக் கற்றுக்கொண்டு ஊர் திரும்பினாலும், இந்துக் கூட்டுக்குடும்பத்தில் அவனுக்குப் பங்கு இல்லை. 1928ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றுதான் இந்த விலக்குகளை நீக்கியது. அதுவும் பிறவிப் பித்தரையும் பிறவியிலேயே அறிவு மந்தமானவரையும் வெளியிலேயே நிறுத்தியது. 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 28, எந்த நோயும் குறையும் உருச்சிதைவும் வாரிசுரிமையைப் பறிக்காது என்று கதவை முழுக்கத் திறந்தது.

ஜமீன்களின் கதை வேறு. 1804ஆம் ஆண்டு ஒழுங்குமுறையும் பிறகு 1902இன் சென்னைச் சட்டமும் அமைத்த 'கோர்ட் ஆப் வார்ட்ஸ்', சிறுவர், 'தகுதியற்ற' பெண், சித்தசுவாதீனம் இல்லாதவர் ஆகியோரின் எஸ்டேட்டுகளை அரசு நிர்வாகத்தில் எடுத்துக்கொண்டது. இம்மூவரையும் ஒரே வரிசையில் நிறுத்தியதைக் கவனிக்க வேண்டும். அவர்களை இணைத்தது உடம்போ மனமோ அல்ல. கிஸ்தி ஒழுங்காக வருமா என்ற கவலைதான். ஃபூக்கோ 1961இல் எழுதிய பைத்தியத்தின் வரலாற்றில் அடைப்பு மனைகளுக்கு மையமான இடம் உண்டு. நம்மூரில் விலக்கத்தைப் படிக்க விரும்புகிறவர் சார்பதிவாளர் அலுவலகத்துக்கும் போக வேண்டும். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, பத்திரம் எழுதிக்கொடுப்பவர் மைனராகவோ பித்தராகவோ 'தோன்றினால்' பதிவை மறுக்கச் சொல்கிறது. சட்டம் தோற்றத்தை நம்பும் இடம் அது. வாய் கோணி, கை நடுங்கும் மூளை முடக்குவாதக்காரர் தெளிவான சிந்தனை உடையவராக இருந்தாலும், அந்த மேசைமுன் 'ஒரு மாதிரி ஆள்' ஆகிவிடுகிறார். பேச முடியாதவருக்கும் நடக்க முடியாதவருக்கும் காப்பாளர் தேவையே இல்லை என்பதை முதலில் உரக்கச் சொல்லியாக வேண்டும்.

இங்கே பெண்ணின் இடம் தனியாகப் பேசப்பட வேண்டியது. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் மகள்களும் பூர்வீகச் சொத்தில் பிறப்பால் பங்காளிகள் ஆனார்கள். ஆனால் அதற்கு முன்பே கல்யாணமானவர்களுக்கு அது பொருந்தாது என்று விதிவிலக்கும் இருந்தது. 2005இன் மத்தியச் சட்டத் திருத்தம்வரை இதுதான் நிலை. விளைவு விசித்திரமானது. நகைபோட்டுக் கட்டிக்கொடுத்த அக்காவுக்கு அன்று கிடைக்காத பங்கு, 'யாரும் கட்டமாட்டாங்க' என்று வீட்டோடு கிடந்த தங்கைக்குக் கிடைத்தது. குடும்பம் எதைக் குறையென்று சொல்லி ஒதுக்கியதோ, அதுவே அவளை அண்ணன்மாருக்குச் சமமான பங்குக்காரி ஆக்கிற்று. வாரிசுச் சான்றிதழ் வாங்கும்போது அவள் பெயரையே விட்டுவிடுவது, விடுதலைப் பத்திரத்தில் கைநாட்டு வாங்குவது, அண்ணனே காப்பாளராகி அவள் சார்பில் தனக்கே எழுதிக்கொள்வது ஆகிய மூன்று வழிகளையும் இந்தப் பின்னணியில்தான் வாசிக்க வேண்டும்.

சரி, சட்டப்படி காப்பாளரை நியமிப்பது யார்? நிலைமைக்கு ஏற்ப வாசல் மாறும்.

ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுவளர்ச்சிக் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்குக்கும் 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் உண்டு. கலெக்டர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதி ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் அடங்கிய மாவட்ட உள்ளூர்க் குழு விண்ணப்பத்தை விசாரிக்கிறது. காப்பாளர் தேவையா, எந்தக் காரியத்துக்குத் தேவை என்பதைக் குழு பார்த்தாக வேண்டும். நியமனமானவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவுசெலவுக் கணக்கும் தர வேண்டும். கொடுமைப்படுத்தினாலோ சொத்தைக் கையாடினாலோ நீக்கலாம்.

மனநோய் உள்ளவருக்கு 1987இன் மனநலச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றம் விசாரித்துச் சொத்துக்கு மேலாளரை நியமித்துவந்தது. 2018இல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த அத்தியாயமே இல்லை. அதிலுள்ள 'நியமனப் பிரதிநிதி' சிகிச்சைக்கானவர், நிலத்துக்கானவர் அல்ல. இதைக் குழப்பிக்கொண்டு மருத்துவமனைத் தாளோடு பதிவு அலுவலகம் போகிறவர்கள் உண்டு. இவர்களுக்கான வாசல் 2016இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பிரிவு 14. கோமாவில் கிடப்பவர்களுக்கு உயர் நீதிமன்றம் வழிசெய்கிறது. கேரளம் 2019இல் நெறிமுறைகளே வகுத்தது. சென்னை உயர் நீதிமன்ற அமர்வு 2024இல் ஒரு மனைவியைக் காப்பாளராக்கியபோது, கணவர் பெயரில் 50 லட்சம் ரூபாய் வைப்பில் இருக்க வேண்டும் என்றும் நிபந்தனை போட்டது.

பாகவழக்கு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தால், உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 32ஆம் கட்டளை வருகிறது. எதிரான நலன் உடையவர் வழக்குக் காப்பாளராக முடியாது. நீதிமன்ற அனுமதி இல்லாமல் செய்த சமரசம் செல்லுபடியாகாதென்று தள்ளப்படலாம்.

இவற்றையெல்லாம் ஊடறுத்துச் செல்வது 2016ஆம் ஆண்டுச் சட்டம். ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றதன் பயன் அது. சொத்து வைத்திருக்கவும் வாரிசாகவும் மாற்றுத்திறனாளிக்குச் சம உரிமை உண்டு என்கிறது 13ஆம் பிரிவு. 14ஆம் பிரிவு முழுக் காப்பாளரை 'வரையறுத்த காப்பாளர்' ஆக்குகிறது: குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அந்த ஆளோடு கலந்து, அவர் விருப்பப்படி. வேறு சட்டங்களில் நியமிக்கப்பட்டவரும் இனி இப்படித்தான் நடக்க வேண்டும். பொருளாதார நலன் முரண்பட்டால், துணைநிற்பவர் அந்தக் காரியத்திலிருந்து விலக வேண்டும் என்கிறது 13(3). சொந்தக்காரர் என்பதாலேயே முரண்பாடு என்று கருதக் கூடாது என்றும் சேர்த்துச் சொல்கிறது. நியாயம்தான். ஆனால் ஒரே நிலத்தில் பங்குள்ள அண்ணன், அந்த நிலத்தின் பாகப்பத்திரத்தில் தங்கைக்காகவும் கையெழுத்திடுவது சொந்தம் சம்பந்தப்பட்ட விஷயமல்ல, கணக்கு சம்பந்தப்பட்டது.

அண்ணன் தரப்பைக் கேளாமல் இருக்க முடியாது. 'நாங்கதான கஞ்சி ஊத்துதோம். நாளைக்கு அவளுக்கு முடியலைன்னா பங்கு கேக்கவளா வந்து பாப்பா?' இதில் உண்மை இருக்கிறது. இன்னும் சரியாகச் சொன்னால், அண்ணன்கூட அல்ல, மயினிதான் குளிப்பாட்டுகிறாள், மாதவிலக்குத் துணி அலசுகிறாள். அவள் பெயர் எந்தப் பத்திரத்திலும் வராது. வேலை அவளுடையது, நிலம் அண்ணனுடையது. 'கஞ்சி' என்ற சொல் இரண்டையும் மறைக்கிறது. 1956இல் ஒழிந்ததாகச் சொல்லப்படும் ஸ்மிருதியின் ஒப்பந்தம் காப்பாளர் நியமனம் என்ற கொல்லைவாசல் வழியாகத் திரும்பிவருவதும் இங்கேதான். சோறு போட்டதற்குக் கணக்கு எழுதலாம், தங்கையின் பங்கிலிருந்து வரும் வாழைக் குத்தகைப் பணத்தில் மயினிக்கு மாதம் இவ்வளவு என்றும் கொடுக்கலாம். அது பராமரிப்புக்குக் கூலி. பட்டா மாற்றுவது கூலியாகாது.

ஆகவே நம் போன்றவர்கள் செய்யக்கூடியவை சில உண்டு. வாரிசுச் சான்றிதழில் அவள் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது. விடுதலைப் பத்திரம் அல்ல, அளந்து பிரித்த பங்கும் அவள் பெயரில் உட்பிரிவுப் பட்டாவும் வேண்டும் என்று வற்புறுத்துவது. அந்தச் சொத்தில் பங்கில்லாத ஒருவரைக் காப்பாளராக முன்மொழிவது. உள்ளூர்க் குழுவில் நம் அமைப்புகளின் ஆள் அமர்வது, அமர்ந்தால் வருஷாந்திரக் கணக்கைக் கேட்பது. எல்லாவற்றுக்கும் முன்னால், விசாரணை நாளன்று அவளை அழைத்துப்போய் அவளிடமே கேட்பது.

'அவளுக்கு என்ன தெரியும்?' என்பார்கள். வயல் விற்பனை அவளுக்குப் புரியாமல் இருக்கலாம். யார் கையால் சாப்பிடப் பிடிக்கும், யாரைக் கண்டால் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளத் தோன்றும், எந்த வீட்டில் இருக்க விருப்பம் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். காப்பாளர் யார் என்று தீர்மானிக்க அதைவிடப் பெரிய சாட்சியம் எந்த நீதிமன்றத்திடம் இருக்கிறது?