கட்டளை கைக்கு வரட்டும்

சான்றிதழ்ச் சந்தை – தொடர் 9

எந்தச் சான்றிதழ் யாருக்குப் பொருந்தும் என்று சென்ற இதழில் பார்த்தோம். நெட்வொர்க் பக்கம் போக நினைப்பவர்கள் சிசிஎன்ஏவில் தொடங்கலாம் என்று சொல்லி நிறுத்தியிருந்தேன். அப்படி முடிவெடுத்தவர்களிடமிருந்து மூன்று கேள்விகள் எப்போதும் சேர்ந்தே வரும். எங்கே தொடங்குவது? எத்தனை மாதம் ஆகும்? டம்ப்ஸ் வாங்கிப் படிக்கலாமா? மூன்றாவதற்குப் பதில் 'கூடாது'. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதல் இரண்டையும் இப்போது பார்ப்போம்.

சிஸ்கோவின் உச்சத் தேர்வான சிசிஐஇ 1993-ல் வந்தது. அடிப்படைத் தேர்வான சிசிஎன்ஏ வந்ததோ 1998-ல்தான். இடையில் அது செக்யூரிட்டி, வயர்லெஸ், வாய்ஸ் என்று பல கிளை விட்டது. 2020 பிப்ரவரி 24 முதல் அவற்றையெல்லாம் மடக்கி 200-301 என்ற எண்ணில் ஒரே தேர்வாக்கிவிட்டார்கள். 2024 ஆகஸ்டில் அதன் 1.1 பதிப்பு வந்தது. செயற்கை நுண்ணறிவு, மெஷின் லேர்னிங் பற்றிய சிறு பகுதி அதில் சேர்ந்தது. சீனியர் அண்ணன் கொடுத்த பழைய புத்தகத்தோடு உட்காருகிறவர்கள் முதலில் அட்டையில் உள்ள தேர்வு எண்ணைப் பாருங்கள். 200-125 என்று இருந்தால் அது 2020-க்கு முந்தையது. இன்றைய பட்டியலில் இடமே இல்லாத இஐஜிஆர்பி கட்டமைப்பை அது பக்கம் பக்கமாகச் சொல்லிக்கொடுக்கும்.

தேர்வு நேரம் 120 நிமிடம். கட்டணம் 300 அமெரிக்க டாலர், வரி தனி. ரூபாயில் இருபத்தையாயிரத்தைத் தாண்டும். தேறினால் சான்றிதழ் மூன்று ஆண்டுக்குச் செல்லும். தேர்ச்சி மதிப்பெண் எவ்வளவு என்று சிஸ்கோ வெளியிடுவதில்லை. 'இத்தனை எடுத்தால் போதும்' என்று யாராவது அடித்துச் சொன்னால் அது அவருடைய ஊகம். தோற்றால் ஐந்து நாள் இடைவெளி விட்டு மறுபடி எழுதலாம். ஆனால் மறுபடியும் முழுக் கட்டணம். ஒரு பட்டதாரியின் முதல் மாதச் சம்பளமே அதற்குப் போய்விடலாம் என்பதால், தயாராகாமல் 'சும்மா ஒருமுறை எழுதிப் பார்ப்போம்' என்று போகிற தேர்வு இல்லை இது.

பட்டியலே வழிகாட்டி

புத்தகம் வாங்கும் முன், வீடியோ பார்க்கும் முன், சிஸ்கோ இலவசமாக வெளியிட்டிருக்கும் பாடப் பட்டியலை அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். ஆறு பகுதிகள். நெட்வொர்க் அடிப்படைகள் 20 விழுக்காடு, சுவிட்ச், விலான், வயர்லெஸ் அடங்கிய நெட்வொர்க் அணுகல் 20, ரூட்டிங் 25, டிஹெச்சிபி, நாட், என்டிபி போன்ற ஐபி சேவைகள் 10, பாதுகாப்பு 15, ஆட்டோமேஷன் 10.

பலரும் கவனிக்காமல் விடுவது, ஒவ்வொரு தலைப்பும் எந்த ஏவலோடு தொடங்குகிறது என்பதை. சில தலைப்புகளுக்கு 'விளக்கு' என்று இருக்கும். சிலவற்றுக்கு 'ஒப்பிடு'. சிலவற்றுக்கு 'கட்டமைத்துச் சரிபார்'. எஸ்என்எம்பிக்கு விளக்கினால் போதும். ஒரு ரூட்டர் படுத்தால் இன்னொன்று பொறுப்பேற்கும் எஃப்ஹெச்ஆர்பி எதற்கென்று சொல்லத் தெரிந்தால் போதும். விலான், டிரங்க், ஈதர்சேனல், ஸ்டாடிக் ரூட், ஒற்றை ஏரியா ஓஎஸ்பிஎஃப், நாட், ஏசிஎல், போர்ட் செக்யூரிட்டி ஆகியவற்றையோ கட்டமைத்தே தீர வேண்டும். முதல் வகையை மஞ்சளிலும் இரண்டாம் வகையைச் சிவப்பிலும் அடிக்கோடிடுங்கள். மஞ்சளுக்குப் புத்தகம், சிவப்புக்கு லேப். பேருந்தில் போகும்போது படிக்கக்கூடியது எது, கணினிமுன் உட்கார்ந்தே தீர வேண்டியது எது என்று அந்தத் தாளே பிரித்துக் கொடுத்துவிடும்.

தினம் இரண்டு மணி நேரம் உண்மையாக ஒதுக்க முடிந்தால், நெட்வொர்க் அறிமுகமே இல்லாதவருக்கு ஐந்தாறு மாதம் ஆகும். ஏற்கெனவே ஹெல்ப் டெஸ்க் வேலையில் இருப்பவர் இன்னும் சீக்கிரம் முடிக்கலாம். 'முப்பதே நாளில் சிசிஎன்ஏ' என்ற சுவரொட்டியை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

சப்நெட்டிங் பயம்

பாதியில் விட்டவர்களைக் கேட்டால் பெரும்பாலும் சப்நெட்டிங்கில் விட்டதாகச் சொல்வார்கள். பைனரி எண்களைப் பார்த்ததும் வரும் பயம் அது. ஒரு பெரிய நிலத்தை லேஅவுட் போட்டு மனை பிரிப்பது போன்ற வேலைதான். மனையின் அளவு தெரிந்தால் எந்த மனை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லிவிடலாம்.

192.168.10.0 என்ற நெட்வொர்க்கை /26 என்று பிரித்தால் ஒவ்வொரு துண்டிலும் 64 முகவரிகள். துண்டுகள் 0, 64, 128, 192 என்று தொடங்கும். ஒவ்வொன்றிலும் முதல் முகவரி நெட்வொர்க்குக்கு, கடைசி முகவரி பிராட்காஸ்ட்டுக்கு. மீதி 62-ஐத்தான் கருவிகளுக்குக் கொடுக்க முடியும்.

கொஞ்சம் கடினமான ஒன்று. 10.20.77.130/20 எந்த நெட்வொர்க்கைச் சேர்ந்தது? /20 என்றால் மாஸ்க் 255.255.240.0. மூன்றாவது எண்ணில்தான் பிரிவு நடக்கிறது. 256-லிருந்து 240-ஐக் கழித்தால் 16. பதினாறாம் வாய்ப்பாட்டில் 77-க்கு முன்னால் இருப்பது 64, பின்னால் இருப்பது 80. ஆக நெட்வொர்க் 10.20.64.0, பிராட்காஸ்ட் 10.20.79.255. பைனரி எழுதாமலே முடிந்துவிட்டது. பைனரியை ஒருமுறை புரிந்துகொள்ளுங்கள், அதன்பின் இந்தக் கழித்தல் போதும். தேர்வில் கால்குலேட்டர் கிடையாது. அதனால் தினமும் காலையில் பத்துக் கணக்கு போடுங்கள். ஒரு கணக்கு அரை நிமிடத்துக்குள் முடியும்வரை விடாதீர்கள்.

ரூட்டர் எப்படி முடிவெடுக்கிறது?

தேர்வில் அதிக எடை ரூட்டிங்குக்கு. அதில் அடிக்கடி தடுக்கி விழும் இடம் ஒன்று இருக்கிறது. ஒரு ரூட்டரின் அட்டவணையில் 10.1.0.0/16-க்கு ஸ்டாடிக் ரூட் இருக்கிறது. 10.1.1.0/24-க்கு ஓஎஸ்பிஎஃப் சொன்ன ரூட் இருக்கிறது. 10.1.1.5-க்கு ஒரு பாக்கெட் வருகிறது. எந்த வழியில் போகும்?

ஸ்டாடிக்கின் நம்பக எண் (அட்மினிஸ்ட்ரேட்டிவ் டிஸ்டன்ஸ்) 1, ஓஎஸ்பிஎஃப்பினுடையது 110, சிறிய எண்ணுக்கே முன்னுரிமை என்று மனப்பாடம் செய்தவர்கள் உடனே 'ஸ்டாடிக்' என்பார்கள். தவறு. பாக்கெட்டை அனுப்பும்போது ரூட்டர் முதலில் பார்ப்பது எந்த ரூட் முகவரியோடு அதிக நீளம் பொருந்துகிறது என்பதை. /24 வெல்லும், பாக்கெட் ஓஎஸ்பிஎஃப் வழியில் போகும். நம்பக எண்ணுக்கு வேலை வருவது, ஒரே நெட்வொர்க்கை ஒரே நீளத்தில் இரண்டு பேர் சொல்லும்போதுதான். அவர்களில் யாரை அட்டவணையில் ஏற்றுவது என்று முடிவுசெய்ய. இதைப் பத்து முறை படித்தாலும் மறக்கும். மூன்று ரூட்டர்களை இணைத்து, இரண்டு ரூட்டையும் போட்டு, டிரேஸ்ரூட் அடித்து ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது.

கட்டியதை நீங்களே கெடுங்கள்

இதற்காக ரிச்சி தெருவில் பழைய சுவிட்ச் தேடி அலைய வேண்டாம். சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்கு தொடங்கினால் பாக்கெட் டிரேசர் இலவசம். சாதாரண மடிக்கணினியிலும் ஓடும். சில கட்டளைகள் அதில் இல்லை என்றாலும் சிசிஎன்ஏ அளவுக்கு அது தாராளம்.

இரண்டு சுவிட்ச், மூன்று ரூட்டர், நான்கைந்து பிசி போட்டு ஒரு சிறிய அலுவலகத்தை உருவாக்குங்கள். விலான் பிரியுங்கள், டிரங்க் போடுங்கள், ஓஎஸ்பிஎஃப் ஓட்டுங்கள், டிஹெச்சிபியில் முகவரி கொடுங்கள், நாட் வழியே வெளியே அனுப்புங்கள். எல்லா பிசியும் எல்லாவற்றையும் பிங் செய்கிறதா? பெரும்பாலான பயிற்சி வீடியோக்கள் இங்கே முடிந்துவிடும். உங்கள் படிப்பு இங்கே தொடங்க வேண்டும்.

ஒரு ரூட்டரில் மட்டும் ஏரியா எண்ணை 0-விலிருந்து 1 ஆக்குங்கள். பக்கத்து ரூட்டர் நெய்பர் பட்டியலிலிருந்து காணாமல்போகும். அதைத் திருத்திவிட்டு ஹெல்லோ டைமரை 10-லிருந்து 5 ஆக்குங்கள். டெட் டைமர் ஓடி முடிந்ததும் மறுபடி காணாமல்போகும். இன்டர்ஃபேஸை பாஸிவ் ஆக்குங்கள், அதே கதை. மூன்று காரணம், ஒரே நோய்க்குறி. எந்தக் காரணம் என்று எந்த ஷோ கட்டளை காட்டிக்கொடுக்கிறது? இதைத் தேடும் அரை மணி நேரம்தான் ஓஎஸ்பிஎஃப் பாடம்.

மற்றவற்றையும் இப்படியே கெடுங்கள். ஏசிஎல்லில் ஒரே ஒரு பிசியைத் தடுத்துவிட்டு, கடைசியில் மற்றவர்களை அனுமதிக்கும் வரியை எழுதாமல் விடுங்கள். மொத்த அலுவலகமும் நிற்கும். ஒவ்வொரு ஏசிஎல்லின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு 'எல்லாவற்றையும் தடு' இருப்பது அப்போது மனதில் ஏறும். நாட் கட்டளை சரியாக இருந்தும் எந்த இன்டர்ஃபேஸ் உள்ளே, எது வெளியே என்று சொல்லாவிட்டால் என்ன ஆகிறது? டொமைன் பெயர் கொடுக்காமல் எஸ்எஸ்ஹெச்சுக்கு ஆர்எஸ்ஏ சாவி உருவாக்கிப் பாருங்கள். ரூட்டரே திட்டும்.

தேர்வு நாள்

தேர்வை பியர்சன் வியூ நடத்துகிறது. மையத்துக்குப் போயும் எழுதலாம், வீட்டிலிருந்தும் எழுதலாம். நம்மவர்களுக்கு இதில் தனியாக ஒரு சிக்கல் உண்டு: இனிஷியல். பதிவில் உள்ள பெயரும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒத்துப்போக வேண்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். பதிவில் ஓர் எழுத்தோடு நிற்கும். பணம் கட்டும் முன்பே எந்த அட்டையைக் கொண்டுபோவீர்கள் என்று முடிவுசெய்து, அதில் உள்ளபடியே பதியுங்கள்.

வீட்டிலிருந்து எழுதுவது வசதி என்று தோன்றும். ஆனால் அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது. கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். நடுவில் பாட்டி காபியோடு கதவைத் திறந்தால் தேர்வையே நிறுத்திவிடக்கூடும். கணக்குப் போடத் தாளும் பேனாவும் வைத்துக்கொள்ள முடியாது. மின்வெட்டு, இணையத் தடை வேறு. மையம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். அங்கே அழித்து எழுதும் பலகை தருவார்கள். சப்நெட் கணக்குக்கு அது பெரிய உதவி.

ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பிப் போக முடியாது. பள்ளியில் பழகிய 'தெரிந்ததை முதலில் எழுது' உத்தி இங்கே செல்லாது. தெரியாத கேள்வியில் ஐந்து நிமிடம் சிக்கினால், பின்னால் வரும் லேப் கேள்விக்கு நேரம் போதாது. பொருந்தாத விடைகளைக் கழித்துவிட்டு, மீதியில் ஒன்றைத் தொட்டு நகருங்கள். லேப் கேள்வியில் முழுக் குறிப்பையும் படித்துவிட்டு விசைப்பலகையில் கை வையுங்கள். கட்டமைப்பைச் சேமிக்கச் சொல்லியிருந்தால் சேமித்துவிட்டே அடுத்ததுக்குப் போங்கள்.

டம்ப்ஸ் ஏன் கூடாது?

தேர்வில் வந்த கேள்விகள் என்று சொல்லி விற்கும் பிடிஎஃப்களைத்தான் டம்ப்ஸ் என்கிறோம். கேள்விகளை வெளியே சொல்ல மாட்டேன் என்று உறுதி கொடுத்த பிறகே எல்லோரும் தேர்வு எழுதுகிறார்கள். ஆகவே அந்த பிடிஎஃப்பே மீறலில் பிறந்தது. பிடிபட்டால் மதிப்பெண் ரத்து, சான்றிதழ் ரத்து, தேர்வெழுதத் தடை என்று போகும். அதிலுள்ள விடைகளும் பல இடங்களில் தவறு.

இதையெல்லாம் தாண்டித் தேறிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். இன்டர்வியூவில் எதிரே இருப்பவர் சான்றிதழை ஓரமாக வைத்துவிட்டு, "ரெண்டு ரூட்டர் நெய்பர் ஆகல. என்ன பார்ப்பீங்க தம்பி?" என்று கேட்பார். ஏரியா, டைமர், மாஸ்க், பாஸிவ் இன்டர்ஃபேஸ் என்று வரிசையாகச் சொல்கிறவர், பாக்கெட் டிரேசரில் அவற்றைக் கெடுத்துப் பார்த்தவர். மற்றவர் ஏ, பி, சி, டி தேடுவார். தொண்ணூறுகளின் இறுதியில் எம்சிஎஸ்இ சான்றிதழை மனப்பாடத்தால் வாங்கியவர்கள் பெருகி, 'பேப்பர் எம்சிஎஸ்இ' என்ற கேலிப் பெயரே புழக்கத்துக்கு வந்தது. உழைத்து வாங்கியவர்களின் மதிப்பும் அதில் சேர்ந்தே இறங்கியது.

எனவே, தேர்வுத் தேதியை ஒரு லேப் கணக்கால் முடிவுசெய்யுங்கள். பட்டியலில் சிவப்புக் கோடிட்ட ஒவ்வொன்றையும், குறிப்பு பார்க்காமல், வெற்று ரூட்டரில் தொடங்கி உங்களால் கட்ட முடிகிறதா? நண்பர் ஒருவர் ரகசியமாகக் கெடுத்துக் கொடுத்ததைக் கண்டுபிடிக்க முடிகிறதா? இரண்டுக்கும் 'ஆம்' என்றால் அன்றே பணம் கட்டுங்கள். இல்லையென்றால் அந்த 300 டாலர் இன்னும் ஒரு மாதம் உங்கள் வங்கிக் கணக்கிலேயே இருக்கட்டும்.

அடுத்த இதழில்: கிளவுட் சான்றிதழ்கள். இலவசக் கணக்கு என்று தொடங்கிவிட்டு மாதக் கடைசியில் பில் வராமல் பழகுவது எப்படி?