வேப்பமரத்தடியில் ஒரு பதிவேடு

பஞ்சமி நில மீட்புக் கூட்டத்துக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தபோது, போவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தோம். நாம் அந்த ஊர்க்காரர் இல்லை. இயக்கத்துக்காரரும் இல்லை. இப்படிப்பட்ட கூட்டங்கள் சிலவற்றை முன்பு பார்த்திருக்கிறோம். ஐந்து மணி என்று சொல்லி எட்டு மணிக்குத் தலைவர் வருவார். ஒரு மணி நேரம் சால்வை போடுவார்கள். கோஷம், போட்டோ, கலைந்து போதல். மறுநாள் அந்த மக்கள் தனியாகத்தான் நிற்பார்கள். இதுவும் அப்படித்தான் இருக்கும் என்ற நினைப்போடுதான் செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள அந்தக் காலனிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போய்ச் சேர்ந்தோம்.

வேப்பமரத்தடியில் தார்ப்பாய் விரித்திருந்தார்கள். மைக் இல்லை, மேடை இல்லை. நாற்பது பேர் இருக்கலாம், பாதிக்கு மேல் பெண்கள். கட்டட வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் சிமென்ட் படிந்த காலோடு வந்து உட்கார்ந்தார்கள்.

முதலில் கணக்கு வாசித்தார்கள். ஜெராக்ஸ், பஸ் டிக்கெட், மனுவுக்கு ஒட்டிய வில்லை என்று ஒவ்வொரு செலவையும் மகளிர் குழுவைச் சேர்ந்த ஒரு பெண் நோட்டைப் பார்த்துப் படித்தார். "டீ செலவு எங்க?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். "அது வாத்தியார் காசு" என்றார் அவர். எல்லாரும் சிரித்தார்கள். நம்முடைய சந்தேகம் முதலில் தளர்ந்தது அந்த இடத்தில்தான்.

பிறகு ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் பேசினார். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலை குறித்து 1891-இல் அறிக்கை எழுதினார். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல், கடனுக்காகப் பண்ணையில் கட்டுண்டு கிடந்த மக்களைப் பற்றிய அறிக்கை அது. அதன் பேரில் 1892 செப்டம்பர் 30-இல் ஆங்கிலேய அரசு ஆணை போட்டு, தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் கொடுத்தது. கூடவே நிபந்தனையும் வைத்தது. முதல் பத்து ஆண்டுகள் விற்கக் கூடாது, அடமானம் வைக்கக் கூடாது, தானம் கொடுக்கக் கூடாது. அதற்குப் பிறகும் அதே மக்களுக்குள் மட்டும்தான் கைமாற வேண்டும். சென்னை மாகாணம் முழுவதும் 12 லட்சம் ஏக்கர் கொடுக்கப்பட்டது என்று இயக்கங்கள் சொல்கின்றன. அதில் பெரும்பகுதி இன்று அந்த மக்கள் கையில் இல்லை.

1994 அக்டோபர் 10 பற்றியும் சொன்னார். இதே வட்டாரத்தில் காரணை பஞ்சமி நிலத்துக்காக நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் இறந்தார்கள். அந்தப் பெயர்களைச் சொன்னபோது கோஷம் எழவில்லை. வயதானவர்கள் தலை குனிந்து கொண்டார்கள்.

அடுத்து சட்டக் கல்லூரி மாணவர் ஒருவர் தாள்களை விரித்து, காற்றில் பறக்காமல் நான்கு மூலையிலும் கல் வைத்தார். ஒன்று பழைய 'அ' பதிவேட்டின் நகல். இன்னொன்று புல வரைபடம். பழைய பதிவேட்டில் ஒரு புல எண்ணுக்கு நேரே டி.சி. என்று இரண்டு எழுத்து. தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்குக் கொடுத்த நிலம் என்பதற்கு அடையாளம் அது. 1979-இல் தொடங்கிய யு.டி.ஆர். நில ஆவணத் திருத்தத்துக்குப் பிறகு வந்த பதிவேட்டில் அந்த எழுத்து இல்லை. நிலம் ஆறு ஏக்கர். பாதியில் இப்போது நெல், பாதி மனைப்பிரிவு.

நமக்குள் இருந்த கேள்வியை அடக்க முடியவில்லை. கேட்டே விட்டோம். "உங்கள் பெரியவர்களே விற்றிருந்தால், இப்போது திரும்பக் கேட்பது நியாயமா?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி நம்மைத் திரும்பிப் பார்த்தார். "எங்க மாமனாருதான் கைநாட்டு வெச்சாரு சார். இல்லன்னு சொல்லல. பஞ்சத்துல நெல்லு வாங்கித் தின்னோம். வட்டிக்கு வட்டி ஏறிப் போச்சு. எதுல கைநாட்டு வெக்கிறோம்னு அவருக்குப் படிச்சுக் காட்டுனவன் யாரு?"

மாணவர் அதன் சட்டப் பக்கத்தைச் சொன்னார். "ஆயா சொல்ற மாதிரி நடக்கும்னு தெரிஞ்சுதான் சார் அன்னைக்கே நிபந்தனை வெச்சாங்க. வித்தவர் மேல தப்பு இருக்கலாம், ஆனா அந்த விற்பனையே செல்லாது. 2008-இல் சென்னை உயர் நீதிமன்றமும் அப்படித்தான் தீர்ப்புச் சொல்லியிருக்கு." மனை வாங்கியவர்கள் என்ன பாவம் செய்தார்கள் என்றும் கேட்டோம். முப்பது வருட வில்லங்கம் பார்த்து வாங்கியவர்களுக்கு நூறு வருடத்துக்கு முந்தைய நிபந்தனை தெரிந்திருக்காது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். "அவங்களும் ஏமாந்தவங்கதான். முதல்ல நெல்லு இருக்கிற பாதியக் கேப்போம்" என்றார். இதுவே முழுப் பதிலாகாது. ஆனால் கேள்வியை அவர் தட்டிக் கழிக்கவில்லை.

கூட்டத்தின் கடினமான நேரம் அதற்குப் பிறகு வந்தது. நடுத்தர வயதுக்காரர் ஒருவர் எழுந்தார். "நாளைக்கு நடவு அந்த நெலத்துலதான். என் பொண்டாட்டி உட்பட எட்டுப் பேர் போறாங்க. மனுவுல எம்பேரு இருந்தா நாளைக்கே கூலி நின்னுடும். நீங்க பஸ் ஏறிப் போயிடுவீங்க. நாங்க?"

நாம் வரும்போது மனதில் வைத்திருந்த கேள்வியும் இதுதான். ஆசிரியர் வீர வசனம் எதுவும் பேசவில்லை. பயம் நியாயமானது என்றார். நிலத்தில் இறங்குவது, கொடி நடுவது எதுவும் இப்போது வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். முதலில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பழைய பதிவேட்டின் சான்றிட்ட நகல் கேட்பது, அதைக் கையில் வைத்துக்கொண்டு வட்டாட்சியரிடம் போவது என்று தீர்மானித்தார்கள். அந்த நிலத்து வேலையை நம்பி இல்லாதவர்கள் மட்டும் முதல் மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். பதினொரு பேர். எழுந்து கேட்டவர் போடவில்லை. அவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

திரும்பி வரும்போது நம் சந்தேகம் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டோம். பதினொரு கையெழுத்து ஆறு ஏக்கரை மீட்டுவிடுமா? அலுவலகத்தில் கோப்பு நகருமா? அந்த எட்டுப் பெண்களின் கூலிக்கு யார் பொறுப்பு? எதற்கும் உறுதி இல்லை. ஆனால் கூட்டம் என்றாலே கூச்சல் என்று நினைத்திருந்த நாம்தான் அன்று பாடம் படித்தோம். கைநாட்டு வைத்த ஒருவரின் பேரப்பிள்ளைகள் இப்போது பதிவேட்டை வரி வரியாகப் படிக்கிறார்கள்.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்லலாம். உங்கள் ஊரின் இன்றைய 'அ' பதிவேட்டை அரசின் இணைய சேவையிலேயே பார்க்க முடியும். பழையது வேண்டுமென்றால் பத்து ரூபாய் வில்லை ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதுங்கள், முப்பது நாளில் பதில் தர வேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். பழையதில் இருந்த இரண்டு எழுத்து புதியதில் காணாமல் போயிருந்தால், வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் அந்த நிலத்தைப் பற்றிக் கேளுங்கள். அவர்கள் சொல்வதைத் தேதியோடு எழுதி வையுங்கள்.