தோலும் இசை கேட்கும்

தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குச் சென்றிருக்கிறீர்களா? உறுமி மேளம் நெருங்கும்போது உங்கள் நெஞ்சும் சேர்ந்து அதிர்ந்திருக்கும். அந்த அதிர்வை உணரக் காது தேவையில்லை. காது கேளாத மாணவர்களுக்கு இசை கற்பிக்க முடிவது இதனால்தான்.

ஒலி என்பது அதிர்வு. மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். நம் தோலுக்கடியிலும் அதிர்வை உணரும் நுண்ணிய உறுப்புகள் உள்ளன. இத்தாலிய அறிஞர் பிலிப்போ பாசினியின் பெயரால் இவற்றை அழைக்கிறார்கள். ஏறத்தாழ 250 ஹெர்ட்ஸ் அதிர்வை இவை மிக நன்றாக உணரும்; 1,000 ஹெர்ட்ஸைத் தாண்டினால் உணர்வு மங்கிவிடும். எனவே விசிலின் கீச்சொலி தோலுக்கு எட்டாது. உறுமியின் தாழ்ந்த உறுமல் எட்டும்.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எவலின் கிளெனி 12 வயதுக்குள் செவித்திறனைப் பெரும்பாலும் இழந்தவர். அவருடைய ஆசிரியர் பெரிய முரசுகளைச் சுருதி கூட்டி வாசிக்க, அவர் சுவரில் கைவைத்து அதிர்வைக் கவனித்தார். தாழ்ந்த ஒலிகள் கால்களிலும், உயர்ந்த ஒலிகள் முகத்திலும் கழுத்திலும் தெரிந்தன. பின்னர் உலகப் புகழ்பெற்ற தாளக் கலைஞரான அவர், 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவிலும் வாசித்தார். பெரும்பாலும் வெறுங்காலுடன்தான் மேடையேறுவார்.

மூளையும் துணை நிற்கிறது. காது கேளாதோர் அதிர்வை உணரும்போது, பிறர் ஒலியைக் கேட்கப் பயன்படுத்தும் மூளைப் பகுதி இயங்குவதை 2001இல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது.

வகுப்பில் என்ன செய்யலாம்?

• சிமெண்டுத் தரை அதிர்வை அதிகம் கடத்தாது. உள்ளே வெற்றிடமுள்ள மரமேடையில் மாணவரை வெறுங்காலுடன் நிற்க வையுங்கள்.

• ஊதிய பலூனைக் கைகளில் பிடிக்கச் சொல்லுங்கள். அதன் மெல்லிய சவ்வு ஒலிக்கேற்ப அதிரும்.

• தாளத்தைக் கையசைத்துக் காட்டுங்கள். உங்கள் முகம் அவருக்குத் தெரியட்டும்.

• ஒலிபெருக்கியை அலற விடாதீர்கள். எஞ்சியுள்ள செவித்திறனும் பாதிக்கப்படலாம்.

இவற்றுக்குப் பெரிய செலவில்லை. தோட்டத்துக் கோயில் திருவிழாக்களைக் கண்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு உறுமி புதிதும் அல்ல. ஆகவே, இசைப் பாடம் வந்தால் காது கேளாத மாணவரை நூலகத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். அவர் கையை மேளத்தின் மேல் வையுங்கள். பிறகு குச்சியை அவரிடமே கொடுங்கள்.