ஏறி உட்கார்ந்ததும் இறங்கணும்!

குழந்தைகளே, ஒரு கணக்கு சொல்கிறேன், போடுங்கள் பார்க்கலாம். இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே தூரம் 2.7 கி.மீ., விமானம் போய்ச் சேர 2 நிமிடம். அப்படியானால் வேகம் என்ன?

'சார், கணக்கே தப்பு. இந்தத் தூரத்துக்கு யாராவது விமானத்தில் போவாங்களா?' என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். எனக்குத் தெரியாதா என்ன! ஆனால், கணக்கு சரிதான்.

ஸ்காட்லாந்து நாட்டுக்கு வடக்கே ஆர்க்னி தீவுகள் இருக்கின்றன. அவற்றில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று பக்கத்துப் பக்கத்துத் தீவுகள் இரண்டு. (பாப்பா என்றதும் சிரிக்காதீர்கள். அங்கே பழங்காலத்தில் பேசிய நார்ஸ் மொழியில் அது பாதிரியார்களைக் குறிக்கும் சொல்.) இவற்றுக்கு இடையே 1967ல் விமானம் விடத் தொடங்கியது லோகன் ஏர் நிறுவனம். உலகிலேயே மிகக் குறுகிய தூர விமானப் பயணம் இதுதான். எடின்பரோ விமான நிலையத்தின் ஓடுபாதையே கிட்டத்தட்ட இவ்வளவு நீளம் இருக்கும்!

சரி, விடை என்ன? மணிக்கு 81 கி.மீ. அட, நெடுஞ்சாலையில் ஓடும் பஸ்சின் வேகம்! இத்தனைக்கும் அந்த 'ஐலாண்டர்' ரக குட்டி விமானம் மணிக்கு 200 கி.மீ.க்கு மேல் பறக்கக் கூடியது. மீதி வேகம் எங்கே போயிற்று?

கால அட்டவணையில் போடும் நேரம், வானில் பறக்கும் நேரம் மட்டுமல்ல. தரையில் உருண்டு போவது, ஓடி எழும்புவது, இறங்கிய பின் மெதுவாக வந்து நிற்பது எல்லாம் அதில் அடக்கம். நெடுந்தூரப் பயணத்தில் இந்த நிமிடங்கள் கண்ணுக்கே தெரியாது. இங்கேயோ, பறப்பதே ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம்தான்.

காற்றும் கணக்கில் சேரும். விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், இறங்கும். காற்று வேறு திசையில் அடித்தால், சுற்றி வந்து ஓடுபாதைக்கு நேராகத் திரும்ப வேண்டும். அதற்கு நேரம் கூடும். எல்லாம் சாதகமாக அமைந்த ஒரு நாளில், ஸ்டூவர்ட் லிங்க்லேட்டர் என்ற விமானி 53 வினாடியில் பறந்து சாதனை படைத்தார். இப்போது வேகத்தைக் கணக்கிடுங்கள்... மணிக்கு சுமார் 183 கி.மீ. வருகிறதா?

படகில் போகக் கூடாதா என்று கேட்பீர்கள். போகலாம், சுமார் 25 நிமிடம் ஆகும். ஆனால், அது கொந்தளிக்கும் வடகடல். பாப்பா வெஸ்ட்ரேயில் வசிப்பவர்கள் நூறு பேருக்கும் குறைவு. அவர்களைப் பார்க்க டாக்டர் வர வேண்டும். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஆசிரியர் வர வேண்டும். அவர்களுக்கு விமானம்தான் டவுன் பஸ். 8 பேர் ஏறலாம். ஒருவருக்கு விமானி பக்கத்திலேயே இடம் கிடைக்கும்!

அங்கே 'நாப் ஆஃப் ஹோவர்' என்ற கல் வீடு இருக்கிறது. வயது 5,000 ஆண்டுகளுக்கு மேல். எகிப்தின் பிரமிடுகளை விட மூத்தது. அதைப் பார்க்கவும் ஆட்கள் பறந்து வருகிறார்கள்.

லிங்க்லேட்டர் 2013ல் ஓய்வு பெற்றார். அதற்குள் இந்த வழியில் 12,000 தடவைக்கு மேல் பறந்து விட்டார். ஒரு தடவைக்கு 2.7 கி.மீ. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. 12,000 தடவை என்றே வைத்துக் கொண்டால், அவர் பூமியை ஒரு சுற்று சுற்றி முடித்திருப்பாரா? பெருக்கிப் பாருங்கள்.