கடைசிப் பந்தயமும் நாலு நம்பரும்



சூதாட்டம் தீது என்பது நாம் அனைவரும் அறிந்ததே. திருக்குறளின் 94ஆம் அதிகாரத்தை வள்ளுவர் சூதுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார். ஆனாலும் புதன், சனி, ஞாயிறு வந்துவிட்டால், ஜோர்ஜ்டவுன் கடைத்தெருவிலும், அக்கரையில் பட்டர்வொர்த், நிபோங் தெபால் பட்டணங்களிலும் நம்பர் கடைகளில் ஆட்கள் நிற்கத்தான் செய்கிறார்கள். தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் போய் நம்பர் எடுத்து வருகிறவர்களும் உண்டு. 'கூடாது' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதால் பயனில்லை. ஏன் கூடாது என்பதை இன்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்த பெருக்கலும் கழித்தலும் போதும்.

முதலில் ஒரு சீட்டாட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆடக் கற்றுக்கொள்வதற்காக அல்ல. அதில் உள்ள கணக்குக்காக. போக்கர் என்னும் மேல்நாட்டு ஆட்டத்தில் 'லிமிட் ஹோல்டெம்' என்று ஒரு வகை. ஆளுக்கு இரண்டு சீட்டைக் கவிழ்த்துக் கொடுப்பார்கள். நடுவில் ஐந்து சீட்டுகள் எல்லாருக்கும் பொதுவாகத் திறக்கப்படும். ஐந்தாவது சீட்டுக்கு 'ரிவர்' என்று பெயர். அது விழுந்த பிறகு வேறு சீட்டு வராது. கடைசிப் பந்தயம் ஒன்றுதான் பாக்கி. அந்தப் பந்தயத் தொகையும் முன்பே வரையறுக்கப்பட்டது. நினைத்தபடி கூட்ட முடியாது.

நடுவில் 50 வெள்ளி சேர்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எதிராளி 10 வெள்ளி கட்டுகிறார். இப்போது நடுவில் இருப்பது 60. நாமும் 10 வெள்ளி கட்டினால்தான் அவர் சீட்டைப் பார்க்கலாம். நம் கையிலோ நடுத்தரமான சீட்டு. அவரிடம் உண்மையாகவே நல்ல சீட்டு இருந்தால் நாம் தோற்போம். வெறும் கையை வைத்துக்கொண்டு மிரட்டுகிறார் என்றால் நாம் ஜெயிப்போம். கட்டுவதா, விடுவதா?

'ஜெயிப்போமா?' என்று மட்டும் கேட்டால் விடை கிடைக்காது. 'எத்தனை முறைக்கு ஒரு முறை ஜெயிப்போம்?' என்று கேட்க வேண்டும். இதே நிலைமை ஏழு முறை வருவதாகக் கொள்வோம். ஆறு முறை தோற்றால் நட்டம் 60 வெள்ளி. ஒரு முறை ஜெயித்தால் வரவு 60 வெள்ளி. கணக்கு நேராகிவிட்டது. ஆகவே ஏழுக்கு ஒன்றுதான் இங்கே எல்லைக்கோடு. எதிராளி ஏழு முறையில் இரண்டு முறை மிரட்டுகிறவர் என்றால், வரவு 120, நட்டம் 50, மிச்சம் 70 வெள்ளி. ஐந்து முறை தோற்றும் கட்டியதே சரியாகிறது. அவர் சீட்டு இல்லாமல் ஒருநாளும் கட்டாதவர் என்றால், ஒரு வெள்ளி கட்டுவதும் வீண்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நடுவில் இருந்த 50 வெள்ளியில் நாம் முன்பு கட்டிய பணமும் இருக்கிறது. ஆனால் அது இப்போது நம்முடையது அல்ல. 'இவ்வளவு போட்டுவிட்டோமே, இனி எப்படி விடுவது?' என்ற எண்ணத்துக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. இனிக் கொடுக்கப் போவது எவ்வளவு, இனிக் கிடைக்கக் கூடியது எவ்வளவு, எத்தனைக்கு ஒரு முறை கிடைக்கும் என்ற மூன்றே கேள்விகள்தான்.

1654ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டில் பாஸ்கல், பெர்மா என்ற இரு கணித அறிஞர்கள் கடிதம் எழுதிக்கொண்டார்கள். பாதியில் நின்றுபோன ஆட்டத்தில் பந்தயப் பணத்தை எப்படிப் பிரிப்பது என்பது கேள்வி. நடந்து முடிந்த ஆட்டத்தை வைத்துப் பிரிக்கக் கூடாது, இனி நடக்கக் கூடியவற்றை எண்ணிப் பிரிக்க வேண்டும் என்று அவர்கள் கண்டார்கள். நிகழ்தகவு என்னும் கணிதத்துறை வளர்ந்தது அதிலிருந்துதான். நம் நளன் கதையிலும் இது உண்டு. சூதில் நாட்டை இழந்த நளன், தான்றி மரத்தின் இலையையும் காயையும் பார்த்த மாத்திரத்தில் எண்ணிச் சொன்ன அரசனிடம் அந்த வித்தையைக் கற்றான். எண்ணக் கற்ற பிறகே அவன் இழந்ததை மீட்டான்.

இனி நாலு நம்பருக்கு வருவோம். நம் நாட்டில் 1969இல் மேக்னம் நிறுவனம் உரிமம் பெற்று இதை நடத்தத் தொடங்கியது. 0000 முதல் 9999 வரை மொத்தம் 10,000 எண்கள். 'பெரிசு' என்று ஒரு வெள்ளிக்கு எடுத்தால், முதல் பரிசு 2,500 வெள்ளி, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. சிறப்புப் பரிசு பத்து எண்களுக்குத் தலா 180; ஆறுதல் பரிசு பத்து எண்களுக்குத் தலா 60.

ஒருவர் பத்தாயிரம் எண்களையும் ஆளுக்கொரு வெள்ளி வீதம் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எல்லாப் பரிசும் அவருக்கே. கூட்டிப் பாருங்கள்: 2,500, 1,000, 500, அதோடு 1,800, பிறகு 600. மொத்தம் 6,400 வெள்ளி. கொடுத்தது 10,000, வந்தது 6,400. அதாவது ஒரு வெள்ளிக்குச் சராசரியாக 64 காசுதான் திரும்புகிறது. 'சிறிசு' எடுத்தால் பரிசுகள் 3,500, 2,000, 1,000. ஒரு வெள்ளிக்கு 65 காசு. பெரிய வித்தியாசம் இல்லை.

சீட்டாட்டத்தில் எதிராளியின் குணத்தைப் பார்த்துச் சில வேளை கட்டலாம், சில வேளை விடலாம். இங்கே எடைபோட ஆள் இல்லை. விலை என்றும் மாறுவதில்லை. கனவில் வந்த எண், விபத்தில் சிக்கிய காரின் எண், கோயிலில் கிடைத்த எண் எல்லாம் பத்தாயிரத்தில் ஒன்றுதான். எந்த எண்ணை எடுத்தாலும் அதே 64 காசு.

'இருபது வருஷமாக ஒரே நம்பர் எடுக்கிறேன். விட்டால் அடுத்த வாரமே வந்துவிடும்' என்று சொல்கிற பெரியவர்கள் பல குடும்பங்களிலும் உண்டு. அந்தப் பயம் நமக்குப் புரிகிறது. ஆனால் குலுக்கும் உருளைக்கு நினைவு கிடையாது. இருபது வருஷம் வராத எண்ணுக்கும் நேற்று வந்த எண்ணுக்கும் அடுத்த குலுக்கலில் ஒரே வாய்ப்புதான். வாரம் மூன்று குலுக்கல் என்றால் ஆண்டுக்கு 156. அந்த வேகத்தில் பத்தாயிரம் குலுக்கல் முடிய ஏறக்குறைய 64 ஆண்டுகள் ஆகும். அப்போதும் முதல் பரிசு நிச்சயம் என்று சொல்ல முடியாது.

குடும்பக் கணக்கில் இதன் பொருள் என்ன? குலுக்கலுக்கு 10 வெள்ளி என்று வாரம் மூன்று முறை எடுத்தால் ஆண்டுக்கு 1,560 வெள்ளி. சராசரியாகத் திரும்புவது 998, போவது 562. 2025இல் நிர்ணயிக்கப்பட்ட குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் மூன்றில் ஒரு பங்கு இப்படிப் போகிறது. அந்த 998 வெள்ளியும் எல்லாருக்கும் சமமாக வருவதில்லை. எங்கோ ஒருவருக்குப் பெரும் பரிசு விழுகிறது. பலருக்கு ஆண்டு முழுவதும் ஒன்றுமே விழுவதில்லை. உரிமம் இல்லாத ஆளிடம் கடனுக்கு நம்பர் எழுதினால் நிலைமை இன்னும் மோசம். விழுந்த பணத்தை அவர் தராவிட்டால் புகார் சொல்ல வழியில்லை. நாம் தர வேண்டிய கடனை மட்டும் அவர் விடமாட்டார்.

வீட்டில் யாராவது நம்பர் எடுத்தால் சண்டை பிடிக்க வேண்டாம், தாய்மார்களே. பிள்ளையின் பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றில் இரண்டு கட்டங்கள் போடுங்கள். ஒன்றில் கொடுத்தது, மற்றதில் வந்தது. எடுக்கிறவரே தம் கையால் எழுதட்டும். ஆறு மாதம் கழித்துப் பிள்ளையைக் கூப்பிட்டு இரண்டையும் கூட்டச் சொல்லுங்கள். போனது போகட்டும், அதைச் சொல்லிக் காட்ட வேண்டாம். அடுத்த வெள்ளியை எதற்குக் கொடுப்பது என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்யுங்கள்.