லயத்து வாசலில் நிற்கும் 69 ரிங்கிட்

மலேசியக் குடும்பங்களில் 96 விழுக்காட்டினருக்கு இணைய வசதி உண்டு என்றது 2022-ஆம் ஆண்டின் அரசாங்கப் புள்ளிவிவரம். மீதி நான்கையும் எட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். ஆனால் அப்பா பாக்கெட்டில் டாப்-அப் போட்ட கைப்பேசி ஒன்று இருந்தாலே, அந்த வீடு 96-க்குள் சேர்ந்துவிடும். அந்தக் கைப்பேசி அவரோடு காலையில் வேலைக்குப் போய், மாலையில்தான் திரும்பும். வீட்டில் மூன்று பிள்ளைகள் இருந்தால் அவர்களின் பகல் அந்தக் கணக்கில் வராது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது இது வெளிப்பட்டது. கல்வியமைச்சு ஏறத்தாழ 9 லட்சம் மாணவர்களின் பெற்றோரிடம் விசாரித்ததில், 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் படிக்க எந்தக் கருவியும் இல்லை. மடிக்கணினி இருந்தவர்கள் 9 விழுக்காடுதான். நாட்டிலேயே அதிகமாக, 134 தமிழ்ப்பள்ளிகள் உள்ள மாநிலம் பேரா. அவற்றில் பல இன்றும் தோட்டத்துப் பெயரையே சுமந்து நிற்கின்றன. அந்தப் பள்ளிகளின் பிள்ளைகள் அப்போது இணையத்தைத் தேடி எங்கே போனார்கள் என்பது எந்த அட்டவணையிலும் இல்லை.

விலைதான் தடை என்பது வழக்கமான பதில். அதற்கு மருந்தாக 2023-இல் அரசாங்கம் 'பாக்கேஜ் பெர்பாடுவான்' என்ற ஒற்றுமைத் தொகுப்பை அறிவித்தது. குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 30 எம்பிபிஎஸ் வேகம், மாதம் 69 ரிங்கிட், 24 மாத ஒப்பந்தம். இது மலிவா? நுழைவுநிலை இணையக் கட்டணம் மாத வருமானத்தில் 2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது ஐ.நா.வின் பிராட்பேண்ட் ஆணையம் வகுத்த இலக்கு. அந்த அளவுகோல் நாட்டின் சராசரி வருமானத்தை வைத்து அளப்பது. கோலாலம்பூர் மேலாளரும் சிலிம் ரிவரில் செம்பனைக் குலை வெட்டுபவரும் அதில் ஒன்றாகக் கலந்துவிடுவார்கள். 2025 பிப்ரவரியில் வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டை வைத்துக் கணக்கிட்டால், 2 விழுக்காடு 34 ரிங்கிட். 69 அதற்கு இரண்டு மடங்கு. இருவர் சம்பாதிக்கும் வீடென்றால் வரம்பு 68 ரிங்கிட். ஒரு வெள்ளி இடிக்கும், அவ்வளவுதான். ஆகவே விலை எல்லா ஏழை வீட்டுக்கும் ஒரேபோல் கனக்கவில்லை. அதைவிடக் கனமானது அந்த 24 மாதம். மழைக்காலத்தில் வேலைநாள் குறைந்தால் சம்பளம் சுருங்கும். டாப்-அப்பை அப்போது பத்து வெள்ளியாகக் குறைத்துக்கொள்ளலாம், ஒரு வாரம் போடாமலும் விடலாம். மாதத் தவணை அப்படி வளைந்து கொடுக்காது. சில்லறையாக வாங்குவது மொத்தத்தில் நட்டம் என்று தெரிந்தும் ஏழைகள் டாப்-அப்பை விடாததற்குக் காரணம் இதுதான்; கணக்குத் தெரியாமல் அல்ல.

ஈப்போவின் புந்தோங்கில் இருப்பவருக்குக் கேள்வி பெரும்பாலும் இந்தக் கட்டணத்தோடு நிற்கும்; அது நகரம், கம்பி தெருவழியே போகிறது. சுங்கை சிப்புட் பக்கம் பழைய ரப்பர் தோட்ட லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், இருப்பவருக்குக் கட்டணத்துக்கு முன்னால் வேறொன்று நிற்கிறது. நிலம் கம்பெனியுடையது, அல்லது கைமாறிவிட்டது. பால்மரம் போய்ச் செம்பனை வந்து, கூட்டம் கூட்டமாக ஆட்கள் வெளியேறியபின் எஞ்சிய சில வீடுகள். அங்கே கம்பி இழுக்க நில உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். கிடைத்தாலும், சில சந்தாதாரர்களுக்காகக் கிலோமீட்டர் கணக்கில் கேபிள் போட எந்த நிறுவனத்துக்கும் கணக்கு ஒத்துவராது. நிறுவனங்களைத் திட்டிப் பயனில்லை. தண்ணீரும் விளக்கும்கூடத் தோட்டத்துக்குச் சந்தையின் கருணையால் வந்துவிடவில்லை. தொழிலாளர் குடியிருப்புக்குக் குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் தர வேண்டியது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டின் 446-ஆம் சட்டம் எழுதி வைத்தது. இணையத்தையும் அந்த வரிசையில் சேர்க்க வேண்டும் என்பதே என் வாதம். சலுகை விலை, ஏற்கெனவே கம்பி போகும் தெருவில்தான் செல்லுபடியாகும்.

கைப்பேசித் தரவே போதுமே என்பார்கள். செய்தி அனுப்பவும் காணொளி பார்க்கவும் போதும். அரசாங்க உதவிக்கு விண்ணப்பம் நிரப்பவும், ஒரே நேரத்தில் இரு பிள்ளைகள் பாடம் செய்யவும் ஐந்தங்குலத் திரை போதாது. சமூக இணைய மையங்கள் இருக்கின்றனவே என்று அடுத்த கேள்வி வரும். பெடி என்றிருந்து இப்போது நாடி என்று பெயர் மாறியிருக்கும் அந்த மையங்கள் (தமிழ்க் காதுக்கு இனிக்கும் பெயர்தான்) நல்ல வேலை செய்கின்றன. மூத்தவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும், சிறு வியாபாரிகளுக்கு உதவவும் அவை வேண்டும். ஆனால் ஊர்க் குழாய் இருப்பதால் வீட்டுக் குழாய் வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. மோட்டார் சைக்கிள் இல்லாத வீட்டுப் பெண்பிள்ளை இரவு எட்டு மணிக்கு மையத்துக்குப் போக முடியாது. இலவசமாகக் கொடுத்தால் படம்தான் பார்ப்பார்கள் என்ற முணுமுணுப்பும் உண்டு. பார்க்கட்டும். மின்சாரத்திலும் தொலைக்காட்சி ஓடுகிறது. அதற்காக யாரும் லயத்து விளக்கை அணைக்கச் சொன்னதில்லை.

பணம் எங்கே என்பதுதான் நியாயமான ஆட்சேபம். மலேசியத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் எடையிட்ட நிகர வருவாயில் 6 விழுக்காட்டை அனைவருக்கும் சேவை நிதிக்குக் கட்ட வேண்டும். கோபுரங்களுக்கும் மையங்களுக்கும் செலவாகும் இந்த நிதியின் ஒரு பகுதி தோட்டத்துக் கேபிளுக்கும், ஏழை வீட்டுப் பில்லுக்கும் திரும்பலாம். அமெரிக்கா இணையக் கட்டணத்தில் மாதம் 30 டாலர் வரை தள்ளுபடி தந்து, 2 கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களைச் சேர்த்தது. அந்நாட்டு நாடாளுமன்றம் ஒதுக்கிய தொகை தீர்ந்ததும் 2024 ஜூனில் திட்டம் நின்றுபோனது. ஆண்டுதோறும் கெஞ்சிப் பெறும் ஒதுக்கீட்டைவிட, வருவாயோடு சேர்ந்து வளரும் நிரந்தர நிதி நம்பகமானது. தள்ளுபடிக்கும் முன்மாதிரி இங்கேயே இருக்கிறது: இ-காசே என்ற அரசாங்க வறுமைப் பட்டியலில் உள்ள பரம ஏழைக் குடும்பங்களின் மின்பில்லில் மாதம் 40 ரிங்கிட் வரை கழிகிறது. அதே 40-ஐ இணையப் பில்லிலும் கழித்தால் 69 என்பது 29 ஆகும். ஒருவர் மட்டும் சம்பாதிக்கும் வீட்டின் 34 ரிங்கிட் வரம்புக்கு உள்ளேயே அடங்கும். ஆனால் அந்த 29 ரிங்கிட் பில் யார் பெயரில், எந்த முகவரிக்கு வரும்? நிலப்பட்டா இல்லாத லயத்து வீட்டுக்காரர் விண்ணப்பப் பாரத்தின் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவார் என்பதை, சட்டத்தைத் திருத்துகிறவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்.