பத்து நாளைக்குக் கடல் கடக்கும் சகோதரிகளுக்கு



உங்கள் சபையில் அண்மையில் இப்படி ஓர் அறிவிப்பைக் கேட்டிருப்பீர்கள். ஸ்திரீகள் ஐக்கியத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் இலங்கைக்குச் சென்று, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் பத்து நாட்கள் ஊழியம் செய்து திரும்பப் போகிறார்கள். பாரமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம். திருவனந்தபுரத்திலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். பேருந்தில் நாகர்கோவில் போய்ச் சேருவதற்கு அதைவிட அதிக நேரமாகிறது. உபவாசக் கூடுகையில் ஜெபித்தாயிற்று. உள்ளத்தில் ஏவுதலும் உண்டு. கணவரும் சம்மதித்துவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். பெயர் கொடுப்பதற்கு முன் சிறிது நேரம் இந்த நகரத்தின் பழைய நாட்களை நினைத்துப் பாருங்கள். கடல் கடந்து வந்த ஊழியக்காரிகளை வரவேற்றுப் பழகிய ஊர் இது.

கோட்டைப் பகுதியில் 1864-ஆம் ஆண்டு ஒரு பெண்கள் பள்ளி தொடங்கப்பட்டது. தொடங்கியவர் அகஸ்டா பிளாண்ட்ஃபோர்டு என்னும் ஆங்கிலேய மிஷனரி. மேல்சாதி இல்லங்களின் பெண்பிள்ளைகள் பள்ளிக்கு அனுப்பப்படாத காலம் அது. சில சிறுமிகளோடு தொடங்கிய அந்த வேலையில் அவர் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் நிலைத்திருந்தார். திருவனந்தபுரத்துக்கு இரயில் வந்ததே 1918-இல்தான் என்பதை நினைத்தால், அவர் எப்படி வந்திருப்பார், வந்தபின் திரும்பிப்போவது எத்தனை அரிது என்பது விளங்கும்.

பெந்தெகொஸ்து சபையாருக்கு இன்னும் நெருங்கிய பெயர் மேரி வீம்ஸ் சாப்மன். அசெம்பிளிஸ் ஆஃப் காட் சபையின் சார்பில் தென்னிந்தியாவுக்கு வந்த முதல் மிஷனரி ஒரு பெண்மணி என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அதற்கு முன்பே ஆப்பிரிக்காவில் ஊழியம் செய்தவர் அவர். ஐம்பது வயதைக் கடந்தபின் 1915-இல் சென்னைக்கு வந்தார். பின்னர் திருவிதாங்கூருக்கு வந்து திருவனந்தபுரத்தில் ஊழியம் செய்தார். 1927-இல் மரித்தார். ஓய்வெடுக்கும் வயதில் புதிய தேசத்தில் வேலையைத் தொடங்கியவருக்குப் பத்து நாள் கணக்கு இருந்திருக்க முடியாது.

"அவர்களைப்போல் எங்களால் நாற்பது வருஷம் தங்க முடியுமா?" என்று கேட்பீர்கள். முடியாது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வீட்டு வாடகை, வேலைக்குப் போகும் இடத்தில் பத்து நாள் விடுப்பு வாங்குவதே போராட்டம். குறுகிய பயணம் வீண் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் குறுகிய நாட்களில் செய்யக்கூடிய தவறுகள் எவை என்பதற்கு நம் பெந்தெகொஸ்து வரலாற்றிலேயே சாட்சி உண்டு. 1906-இல் அமெரிக்காவின் அசூசா தெரு எழுப்புதலில் அபிஷேகம் பெற்ற ஆல்ஃபிரட் கார், அவர் மனைவி லில்லியன் கார் இருவரும், தேவன் தங்களுக்கு இந்திய மொழியை அருளிவிட்டார் என்று நம்பிக் கல்கத்தா வந்தார்கள். வந்து பார்த்தபோது அவர்கள் பேசியது மக்களுக்கு விளங்கவில்லை. அவர்கள் மனம் தளரவில்லை. ஊழியத்தை விட்டுவிடவும் இல்லை. ஆனால் பிறருடைய மொழியை உட்கார்ந்துதான் கற்கவேண்டும் என்பது அன்று தெரிந்தது.

ஏமி கார்மைக்கேல் அம்மையார் டோனாவூருக்கு வருமுன் 1893 முதல் பதினைந்து மாதங்கள் ஜப்பானில் இருந்தார். அங்கே நோயுற்ற ஒரு மூதாட்டி சுவிசேஷத்தைக் கவனித்துக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அம்மையார் அணிந்திருந்த உரோமக் கையுறைகள் கண்ணில் பட்டன. மூதாட்டியின் கவனம் முழுவதும் கையுறைமேல் போய்விட்டது. அதன்பின் அம்மையார் ஜப்பானியப் பெண்களின் உடையை உடுத்தத் தொடங்கினார். இன்று நம் சகோதரிகளின் கையுறை எது? என் எண்ணத்தில், கைப்பேசிதான். ஜெபிக்கும்போதே படம் எடுத்து, அன்று மாலையே ஊருக்கு அனுப்பிவிடுகிறோம்.

இலங்கைக்குப் போகும் நமக்கு மொழித் தடை இல்லை, உண்மை. ஆனால் தமிழ் ஒன்றாயிருந்தாலும் வாழ்க்கை ஒன்றல்ல. அங்கே வீடு என்பது லயம். காலையில் பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்து, மலையேறிக் கொழுந்து பறித்து, நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பும்போது மாலையாகிவிடும். பிறகு விறகு, தண்ணீர், சமையல். காலை பத்து மணிக்குப் பெண்கள் கூட்டம் என்று நீங்கள் இங்கிருந்தே அட்டவணை அச்சடித்துக்கொண்டு போனால், வந்து அமர்வது வயோதிபத் தாய்மாரும் பிள்ளைக் காம்பராவில் குழந்தை பார்ப்பவர்களுமாகத்தான் இருப்பார்கள். மற்றவர்கள் வரவேண்டுமானால் ஒரு நாள் சம்பளத்தை இழக்கவேண்டும்.

அவர்களுடைய வரலாற்றையும் ஓரளவு அறிந்து செல்லுங்கள். அவர்களுடைய மூதாதையர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டிலிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்கள். 1948-இன் குடியுரிமைச் சட்டத்தால் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் பங்கிட்டது. எஞ்சியிருந்தவர்களுக்கு இலங்கைக் குடியுரிமைக்கான சட்டம் 2003-இல்தான் வந்தது. தாய் ஒரு கரையிலும் மகள் மறு கரையிலும் பிரிந்த குடும்பங்கள் அவை.

அப்படித் திரும்பி வந்தவர்களுக்காகவே நம் அண்டை மாவட்டமான கொல்லத்தில், புனலூர் பக்கம், குளத்துப்புழை, ஆயிரநல்லூர் ரப்பர் தோட்டங்கள் அமைக்கப்பட்டன. திருவனந்தபுரத்திலிருந்து காலையில் புறப்பட்டால் மாலையில் திரும்பிவிடலாம். கடல் கடக்கும் குழு முதலில் அங்கே ஒரு நாள் போய், அந்தக் குடும்பத்து மூத்த பெண்களிடம் உட்கார்ந்து கதை கேட்டால் என்ன? பிரசங்கம் வேண்டாம், கேட்டுவிட்டு வந்தால் போதும்.

இனி, மனம் கூசினாலும் சொல்லவேண்டிய ஒன்று. விசா விண்ணப்பத்தில் பயணத்தின் நோக்கம் என்ற கட்டத்தில் என்ன எழுதப்போகிறீர்கள்? சுற்றுலா என்று எழுதிவிட்டு, இறங்கியபின் ஊழியம் செய்வது நம்மிடையே பழக்கமாகிவிட்டது. இந்தியா மிஷனரிகளுக்கெனத் தனி விசா வைத்திருக்கிறது. சுற்றுலா விசாவில் இங்கே வந்து பிரசங்கிக்க அனுமதி இல்லை. மற்ற நாடுகளுக்கும் அவரவர் சட்டம் உண்டு. நேபாளத்தில் 2018-இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத்தின்படி, மதம் மாற்றியதாகக் குற்றம் நிரூபிக்கப்பட்டால் ஐந்து ஆண்டு வரை சிறை. அயல்நாட்டார் தண்டனைக்குப் பின் வெளியேற்றப்படுவார்கள். உள்ளூர் விசுவாசிக்கு வெளியேற வேறு நாடு கிடையாது. 2018 நவம்பரில் சுற்றுலாப் பயணியாக அந்தமானுக்கு வந்து, தடைசெய்யப்பட்ட வட சென்டினல் தீவுக்குள் சுவிசேஷம் சொல்லப் போன அமெரிக்க வாலிபர் கொல்லப்பட்டதை எல்லோரும் பேசினோம். அவரைப் படகில் கொண்டுபோன மீனவர்கள் கைதுசெய்யப்பட்டதை எத்தனைபேர் நினைத்தோம்? ஆகவே உங்களை அழைக்கும் சபை, அங்குள்ள குடிவரவு அதிகாரிகளிடம் எந்த விசா தேவை என்று எழுத்திலேயே கேட்டு வாங்கட்டும். அந்தக் கடிதம் வரும்வரை பயணச்சீட்டு வாங்கவேண்டாம்.

குழுவில் நர்ஸ் சகோதரிகள் இருப்பார்கள். மருத்துவ முகாம் நடத்தலாமே என்று ஒரு யோசனை எழும். இரத்த அழுத்த மாத்திரை நாள்தோறும் தொடர்ந்து விழுங்கவேண்டியது. பத்து நாள் மாத்திரையைக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினால், பதினோராம் நாள் அந்தத் தாய் என்ன செய்வாள்? மேலும், இங்கே பெற்ற பதிவு அங்கே செல்லாது. அருகிலுள்ள அரசு ஆஸ்பத்திரிக்கு அவளை ஒருமுறை கூட்டிப்போய்ச் சீட்டு எழுதி வாங்கித்தர, உள்ளூர்ச் சகோதரி ஒருத்தியால் முடியும். அவளுக்குப் பேருந்துக் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அப்போஸ்தலருடைய நடபடிகள் பதினாறாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். பவுல் பிலிப்பியில் தங்கியது சில நாட்களே. அங்கே ஆற்றங்கரையில் முதலில் இருதயம் திறக்கப்பட்ட லீதியாள் அந்த ஊர்க்காரி அல்ல. தியத்தீராவிலிருந்து இரத்தாம்பரம் விற்க வந்தவள். பிழைப்புக்காக வேற்றூரில் குடியேறி, சாலைக் கடைத்தெருவில் அரைகுறை மலையாளத்தோடு காலம் தள்ளும் நம்மைப்போன்ற ஒருத்தி. பவுலும் சீலாவும் சிறையிலிருந்து வெளிவந்து, அவள் வீட்டுக்குப் போய்ச் சகோதரரைக் கண்டு ஆறுதல் சொல்லிப் புறப்பட்டார்கள். அவர்கள் போனபின்னும் அந்த வீடு அங்கே இருந்தது.

நீங்கள் போகும் தோட்டத்திலும் அப்படி ஒரு வீடு இருக்கும்; பெரும்பாலும் அது போதகருடைய மனைவியின் வீடாயிருக்கும். பன்னிரண்டு பேருக்குப் பத்து நாள் சமைக்கப்போகிறவர் அவர்தான். இன்று மாலை அவரைத் தொலைபேசியில் அழையுங்கள். எந்த மாதத்தில் கொழுந்து குறைவு, பெண்கள் எத்தனை மணிக்கு லயத்துக்குத் திரும்புவார்கள், பன்னிரண்டு பேர் வருவது பாரமா, நான்கு பேர் வந்தால் போதுமா என்று கேளுங்கள். நான்கு பேர் போதும் என்று அவர் தயங்கித் தயங்கிச் சொன்னால், மற்ற எட்டுப் பேரும் அந்தப் பத்து நாளில் குளத்துப்புழைக்குப் போய்வரலாம்.